களை என்றொரு பொத்தான்

அக்காவின் அழைப்பு வந்தது ஆடிப்பெருக்குக்கு முந்தைய புதன்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். நாள் கிழமை குறித்து வைக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்த ஒன்றைக் குறிக்காமல் விட்டிருக்கலாம்.

"தம்பி, அந்தக் களைய அமுக்கினேன். எல்லாம் போயிடுச்சு."

"எந்தக் களை?"

"எந்தக் களையா? நீ வச்ச களைதான்டா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன்.

நான் பூதலூரில் இருக்கிறேன். அலுவலகம் விட்டு வந்ததும் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்குவது என் பொழுதுபோக்கு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று பொதுவில் விடப்பட்ட மென்பொருள்கள் அவை. உலகின் எங்கெங்கோ இருந்து ஆட்கள் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள். தமிழுக்கு நாங்கள் சிலர். கட்டுரை தட்டச்சு செய்யும் ஒரு மென்பொருளில் பாதிக்கு மேல் என் கை பட்டது. சேமிக்காத கோப்பை மூடப் போனால் அது ஒரு கேள்வி கேட்கும். எழுதியதை வைத்துக்கொள்ளவா, தூக்கி எறியவா? தூக்கி எறிவதற்கான பொத்தானுக்கு 'நீக்கு' என்று போடலாமென்றால் அந்தச் சொல் ஏற்கெனவே வேறொரு பொத்தானுக்குப் போய்விட்டது. யோசித்து, 'களை' என்று வைத்தேன். துன்பம் களைதல், ஐயம் களைதல் என்று படித்துப் படித்து ஊறிய சொல். ஓரெழுத்துகூட வீணில்லை என்று பூரித்துப் போனேன். அது ஏற்கப்பட்டது தை அமாவாசைக்கு மறுநாள். திரையைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். "இந்தச் சொல் நான் கொடுத்தது" என்று கீழே எழுதியும் இருந்தேன்.

அக்காவின் கணவர் மட்டும், "நடவு எப்ப மாப்ள?" என்று கேட்டிருந்தார். சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

அக்கா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதிராம்பட்டினத்துக்கு வடக்கே, வாய்க்கால் முடிகிற ஊரில் வாக்கப்பட்டவள். கல்லணை திறந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் அவர்கள் ஊர் மதகில் தண்ணீர் ஏறவில்லை. நாற்று விட வேண்டிய நேரம். வெள்ளிக்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஊருக்காக அவள் பேசுவதாக முடிவாகியிருந்தது. அவள் ஊரிலிருந்து ஒரு பெண் எழுந்து பேசுவது அதுவே முதல் தடவை. நான் கொடுத்த பழைய மடிக்கணினியில், மாலை மாலையாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். யார் வயல் எப்படிக் காய்கிறது என்று ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள். முடித்ததும் மூடியை மட்டும் சாத்துவாள். திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். அதனால் சேமிக்க வேண்டிய நினைவே அவளுக்கு வரவில்லை. தானாகச் சேமிக்கும் வசதியை, கணினி திணறுகிறது என்று நானே அணைத்துக் கொடுத்திருந்தேன்.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு முதல் பேருந்தில் போனேன். வாசலில் மச்சான் நின்றார்.

"வாங்க மாப்ள. களை பறிக்க ஆள் கேட்டிருந்தோம், நீங்களே வந்துட்டீங்க."

"சும்மா இருங்க. அவனே மூஞ்சி செத்து வந்திருக்கான்" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "ஒக்காரு. நான் செஞ்சது என்ன தப்புன்னு சொல்லு. எழுத்துக்குக் கீழ செவப்புக் கோடு கோடா வந்துச்சு. தப்புன்னா அப்படி வரும்னு நீதானே சொன்ன? எல்லாம் எழுதி முடிச்சாச்சேன்னு மூடப் போனேன். மாற்றங்களைக் களையவான்னு கேட்டுச்சு. சரி, சேமிக்கிறதுக்கு முன்னால அந்தத் தப்பையெல்லாம் அதுவே பறிச்சுப் போட்டுடும் போலன்னு நெனச்சேன். களை எடுத்தா என்னடா ஆவும்? பயிர் நிக்கும்ல?"

நான் கணினியைத் திறப்பதில் மும்முரமாக இருந்தேன்.

எங்கள் அம்மா கூலிக்குக் களை பறித்தவள். அக்காவும் பள்ளி விடுமுறைகளில் கூடவே குனிந்து பறித்துத்தான் மேலே படித்தாள். அந்தக் கூலியில் எனக்கு நோட்டுப் புத்தகம் வந்திருக்கிறது. அம்மாவின் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தவன் நான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்கு, அந்தச் சொல்லைத் தேர்ந்த அன்று ஒரு வயல்கூட நினைவுக்கு வரவில்லை. புத்தகங்கள்தாம் வந்தன.

தேட ஆரம்பித்தேன். தற்காலிகக் கோப்புகள் எதுவும் இல்லை. களை என்றால் களைந்துவிட வேண்டும் என்று நிரலில் எழுதியிருக்கிறது, அது ஒழுங்காகவே களைந்திருந்தது. நினைவகத்தில் இடம் போதாதபோது கணினி அதிலிருப்பதை வன்வட்டின் ஒரு மூலையில் கொட்டி வைக்கும். அந்த மூலையைக் கிளறினேன். மதியத்துக்குள் சில துண்டுகள் கிடைத்தன. 'மதகுக்குக் கீழே', 'போன வருசம் இதே ஆடியில', ஓரிடத்தில் 'வாய்க்கால்ல பிள்ளைங்க கிரிக்கெட்' என்ற அளவில் அறுந்த வரி. ஒரே வரி பல தடவை வந்தது, அடுத்த வரி எங்குமில்லை.

"போதும் விடு" என்றாள் அக்கா. "நான் சொல்றேன், நீ அடி."

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். 'தண்ணி எட்டிப் பாக்கல' என்றாள். 'நீர் வந்தடையவில்லை' என்று அடித்தேன். எட்டிப் பார்த்துவிட்டாள்.

"நான் சொன்னத அடிடா. ஒன் தமிழ்ல ஒரு தடவ பட்டது போதும்."

அடுக்களையில் மச்சான் சிரித்தது கேட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்னபடியே அடித்தேன். ஒவ்வொரு பத்திக்கும் அவளே கையை நீட்டிச் 'சேமி'யை அமுக்கினாள். சாயங்காலத்துக்குள் ஒருவாறு முடிந்தது. ஒன்றுதான் திரும்பவில்லை. வாய்க்கால் முனையில் நிலம் வைத்திருந்த ஒருவர், மேலே வாய்க்காலில் எந்தெந்தக் கிழமை தண்ணீர் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்த வயலோடு நின்றுபோனது என்று வரிசையாகச் சொல்லியிருந்தாராம். அவர் அதற்குள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கைபேசி அணைந்திருந்தது. நாள் கிழமையெல்லாம் அக்காவுக்கு மனப்பாடமில்லை. எழுதியாகிவிட்டது என்று நம்பி விட்டுவிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அக்கா நன்றாகப் பேசினாள். குரல் முதலில் நடுங்கி, பிறகு வகுப்பறைக் குரலாகிவிட்டது. பிள்ளைகள் வாய்க்காலில் கிரிக்கெட் ஆடுவதைச் சொன்னபோது மற்ற ஊர்க்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். அதிகாரியும் கவனமாகத்தான் கேட்டார்.

"சரிங்கம்மா. முறை வச்சுத்தான் விடுறோம்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. வரலன்னா எந்தெந்தக் கிழமை வரல, எதுவரைக்கும் வந்து நின்னுச்சு? அதைச் சொன்னீங்கன்னா நாங்க சரிபார்த்துடலாம்."

அக்கா தாளைப் புரட்டினாள். அங்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் புரட்டினாள். பிறகு தலையைத் திருப்பி, கூட்டத்தைத் தாண்டி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பில் பதில் தெரியாத பிள்ளை, தெரிந்த பிள்ளையைப் பார்க்கும் பார்வை அது. நாள் கிழமைக்குப் பேர்போன தம்பி கையில் ஒரு கிழமையும் இல்லை. நான் காலடியில் இருந்த பையைக் குனிந்து சரிசெய்தேன்.

"எழுதிக் கொண்டாந்து தர்றேங்க" என்றாள்.

"அடுத்த கூட்டத்துல குடுங்கம்மா" என்று அடுத்த ஊரைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த கூட்டம் ஆவணியில். அதற்குள் மற்ற ஊர்களில் நாற்று நடவுக்கு வந்துவிடும்.

ஒரே பேருந்தில் திரும்பினோம். இறங்குகிற இடத்தில், "சாப்ட்டுட்டுப் போடா" என்றாள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் 'களை' என்பதற்குப் பதிலாகச் 'சேமிக்காமல் மூடு' என்று திருத்தம் எழுதி அனுப்பினேன். எங்கள் பணியில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்தால்தான் ஏறும். சரிபார்த்தவர் வேறு நாட்டுத் தமிழர், முகம் தெரியாது. மறுத்துவிட்டார். நம் வழிகாட்டுதலின்படி பொத்தானில் ஒரே சொல்தான் வர வேண்டும், பேச்சு வழக்குச் சாயல் கூடாது என்று எழுதி, அந்த வழிகாட்டுதலையும் கீழே இணைத்திருந்தார். அதை எழுதியவன் நான்.

நடந்ததை முழுவதும் விளக்கி மீண்டும் எழுதியிருக்கிறேன். அம்மாவைப் பற்றிய வரியை எழுதி, அழித்து, மீண்டும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

ஆவணிக் கூட்டத்துக்குக் கிழமைகளைச் சேகரித்துத் தர அக்கா வீட்டுக்குப் போனபோது கணினியைப் பார்த்தேன். திரையின் ஓரத்தில், அந்தக் கேள்வி வந்து நிற்கும் உயரத்தில், பிளாஸ்திரியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. கரும்பலகையில் எழுதுகிற அதே முத்து முத்தான கையெழுத்து: 'களை — தம்பி வச்சது. தொடாதே.'

"எடுத்துடட்டுமா அக்கா?"

"நீ அங்க மாத்திட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.