மிச்சத்துக்கு டொபி

அன்று அந்த வெள்ளவத்தைக் கடையில் நின்றது மூன்று பேர்: முதலாளி, மண்ணெண்ணெய் வாங்க வந்த மாமி, காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன நான். இன்று அதே இடத்துச் சூப்பர் மார்க்கெட்டில் மிச்சக் காசுக்குப் பதிலாக டொபி நீட்டுகிறார்கள். அந்தப் பெப்பர்மின்ட் மணத்தோடு, கருவாட்டு வாடை ஊறிய இருட்டும், டொபிப் போத்தலுக்குள் போகும் முதலாளியின் கையும் திரும்பி வருகின்றன.

"அங்கிள், சில்லறையாத் தாங்கோ. பஸ்ஸுக்கு வேணும், இண்டைக்கு அரசாங்கச் சோதினை, கணக்கு."

"டொபியும் காசுதானே பிள்ளை!"

மாமி சிரித்தா. டொபியை நீட்ட, பஸ் கொண்டக்டர் சிரிக்கவில்லை, இறக்கிவிட்டான். ஓடிப்போய்ச் சேர, கேற் பூட்டியாச்சு. திரும்ப எழுத வீட்டில் வசதியில்லை. பள்ளிக்கூடம் அதோடு சரி. இப்பவும் சட்டைப்பையில் சில்லறை இல்லாமல் வாசல் தாண்டப் பயம்.

நாலு டொபி. அந்த மனுசன் எனக்கு இன்னும் தரவேண்டியது இரண்டு ரூபா.