செத்த பிறகு சோறு போட்ட அம்மா

வடக்கனந்தல் டூரிங் கொட்டகையில் நான் படம் ஓட்டினேன். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து ரீல்கள் வயல்வழியே சைக்கிளில் ஒவ்வொன்றாக வந்தன. படம் நின்றால் கொட்டகையைப் பிய்த்துவிடுவார்கள்.

அம்மா செத்துப்போக, மகன் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதோடு ஒரு ரீல் முடிந்தது. அடுத்து வந்தது அதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய ரீல். வேறு வழியில்லாமல் மாட்டினேன்.

முதலாளி ஓடிவந்தார். “இன்னாய்யா, செத்தவ சோறு போட்டுக்கினு இருக்கா?”

கூட்டத்தில் கூச்சலே இல்லை. மணலில் இருந்த ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.

“பாவம், அம்மாவ நெனச்சிக்கினு இருக்கான்.”

முதலாளி என்னைப் பார்த்தார். “சரி, ஓட்டு.”

அன்றிலிருந்து எந்தப் படத்திலும் எதற்குப் பின்னால் எதை வைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.