தீவுக்குக் கூட்டிப் போனவள்

2006-ஆம் வருடம், அரையாண்டுத் தேர்வு விடுமுறை. நானும் என் கணவரும் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். கரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் புவியியல் ஆசிரியை. கடல் எல்லை, அரண்மனை, கண்மாய்க்கு வரும் வெளிநாட்டுப் பறவைகள், பவளப்பாறைத் தீவுகள் என்று வருடா வருடம் வகுப்பில் அளந்து விடுவேனே தவிர, எதையும் நேரில் பார்த்ததில்லை.

அரண்மனையையும் பறவைகளையும் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துக்குப் போனோம். அதன் பெயரை எழுத மாட்டேன். ஒரு முறை எழுதியதே போதும்.

மதிய நேரம். வள்ளத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, நெற்றியில் ஏற்றி விட்ட நீச்சல் கண்ணாடி, தலையில் சொட்டச் சொட்ட ஈரச் சாக்கு. கடலுக்கு அடியில் பாறையில் முளைக்கும் பாசியைப் பறித்து விற்கிறவர்கள். ஜெல்லி செய்ய, மருந்து செய்ய என்று வாங்கிப் போவார்களாம்.

அவர்களில் என் வயதுக்காரி ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் விரல்களில் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தாள். என்ன காயம் என்று கேட்டேன்.

"காயமில்ல டீச்சர், காயம் படாம இருக்கச் சுத்துறது. பாறை கத்தி மாதிரி அறுத்துப்புடும்" என்றாள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கீறல்தான்.

மணலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம். எழுந்திருக்கும்போது, நாளைக்கு என்னையும் கூட்டிப் போவீர்களா என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"தீவுப் பக்கம் போகக் கூடாது டீச்சர். பவளப்பாறை அழியுதுன்னு பாரஸ்ட்காரக தடை போட்டிருக்காக. நாங்களே பயந்து பயந்துதான் போயிட்டு வாரோம். புடிச்சாகன்னா வள்ளமும் போயிரும், பாசியும் போயிரும்."

நான் விடவில்லை. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், பவளப்பாறையைக் கண்ணால் பார்த்ததில்லை என்று கெஞ்சினேன். வள்ளத்தில் வந்த மற்ற பெண்களுக்கு இஷ்டமில்லை. வயதான ஓர் அம்மா, "வெளியூர் ஆளு நமக்கு எதுக்குடி?" என்று என் காதுபடவே சொன்னார். இவள்தான், "பாவம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கத்தானே கேக்குறாக. நான் பொறுப்பு" என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்தாள்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். தண்ணீர் என்றாலே பயப்படும் என் கணவர் கரையிலேயே இருந்துவிட்டார். தீவை நெருங்கியதும் பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் வெளியே வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தலையும் மேலே வருகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. கீழே பாறையும் மீனும் அவர்கள் கால்களும் தெரிந்தன. ஓர் ஆமை தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு அமிழ்ந்தது. "பாத்தீகளா? உங்களுக்காகத்தான் வந்திருக்கு" என்று அவள் தண்ணீரிலிருந்தே கத்தினாள்.

இடுப்பளவு ஆழத்தில், கை நிறையப் பாசியோடு, வாய்விட்டுச் சிரித்தபடி அவள் நின்றாள். பின்னால் தீவின் மரங்கள். புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுத்தேன். காட்டியதும் கூச்சப்பட்டாள். பிறகு சொன்னாள்:

"வச்சுக்கோங்க டீச்சர். ஆனா பேப்பர் கீப்பர்ல போட்டுறாதீக."

"சேச்சே, வீட்டு ஆல்பத்துக்குத்தான்" என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஊருக்குத் திரும்பிய ஒரு மாதத்தில் ஒரு பத்திரிகையில் வாசகர்களிடம் சுற்றுலாக் கட்டுரை கேட்டிருந்தார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எழுத்தில் ஆசை. ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதினேன். ஊர்ப் பெயரை எழுதினேன், தீவின் பெயரை எழுதினேன். 'தடையையும் மீறித் துணிந்து கடலில் குதிக்கும் வீரப் பெண்கள்' என்று ஒரு வரி வேறு. அந்த வரியை எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். படம் இருந்தால் அனுப்புங்கள் என்று பத்திரிகையிலிருந்து கேட்டபோது, அவளுக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. நல்லதாகத்தானே எழுதியிருக்கிறோம், பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

அரைப் பக்கத்துக்கு வண்ணத்தில் வந்தது. பள்ளியில் கைதட்டினார்கள். ஒரு பிரதியை அவளுக்கும் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோடை விடுமுறையில் அவளுக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கடலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"என்னைய வள்ளத்துல ஏத்த மாட்டேங்குறாக டீச்சர்" என்றாள்.

சத்தம் போடாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்திரிகை வந்த சில நாளிலேயே வனத்துறை அதிகாரிகள் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் விசாரிக்க வந்திருக்கிறார்கள். தீவுப் பக்கம் காவல் பலமானது. ஒரு நாள் பாசியோடு வந்த வள்ளத்தைப் பிடித்துவிட்டார்கள். அவர்கள் சட்டப்படிதான் செய்தார்கள். வள்ளம் மீண்டு வரும்வரை பன்னிரண்டு வீடுகளிலும் அடுப்பு சரியாக எரியவில்லை. வள்ளம் வந்தபோது, இவளுக்கு மட்டும் அதில் இடமில்லை.

"நீங்க ஒண்ணும் பொய்யா எழுதல டீச்சர். எம்மவன் படிச்சுக் காட்டுனான். உள்ளதைத்தான் எழுதியிருக்கீக. அதுதான் வெனையாப் போச்சு."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

டீயைக் குடிக்காமலே கரைக்கு ஓடினேன். பெண்கள் பாசியைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். தப்பு முழுக்க என்னுடையது, அவளுக்கு எதுவும் தெரியாது, போடாதே என்றுதான் சொன்னாள் என்று அழுதுகொண்டே சொன்னேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்கு என்னை வேண்டாம் என்ற அந்த வயதான அம்மாதான் கடைசியில் வாய் திறந்தார்.

"அந்தப் போட்டோவுல நீங்களா நிக்கிறீக?"

பின்னாலேயே வந்திருந்த கணவர் என் தோளைத் தொட்டு, "வா, போகலாம்" என்றார். திரும்பி அவள் வீட்டுக்குப் போய்ச் சேலையைக் கொடுத்தேன்; அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "இன்னொரு வாட்டி வாரப்ப பாப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு இரண்டு முறை, அவள் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து அவளிடம் பேசினேன். இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். நாள் முழுக்கப் பனிக்கட்டியில் கை கிடப்பதால் விரல் மரத்துப் போகிறதாம். "ஆனா கையி அறுபடல டீச்சர்" என்று சிரித்தாள். கடலுக்குப் போக ஆசையில்லையா என்று கேட்டேன். "தனியா எப்படிப் போறது?" என்றாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.

தீவையும் பவளப்பாறையையும் காப்பாற்றத்தான் வேண்டும். அதை இன்றும் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆனால் நான் அவள் படத்தை அனுப்பியது தீவைக் காப்பாற்றுவதற்காக அல்ல. என் பெயரை அச்சில் பார்ப்பதற்காக. எத்தனை வருடம் ஆனாலும் அந்த ஒன்றை வேறு எப்படியும் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.