பைகளுக்குக் காவல் இருந்தவர்

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் குளிக்க மாட்டார். பைகள், செருப்புகள், செல்போன்கள், மாற்றுத்துணி எல்லாவற்றையும் மடியிலும் சுற்றிலும் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் நடுங்கிக்கொண்டு திரும்பும்போது யாருடைய துண்டு எது என்று பார்த்து எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டு சீசனாக அந்த வேலையைப் பார்த்தவர் என் அக்கா.

நான் தென்காசியில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தவன். அருவியில் தண்ணீர் எவ்வளவு, வரிசை எதுவரை நிற்கிறது என்றெல்லாம் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். பைக்குக் காவல் இருக்கும் ஆள் மட்டும் எங்கள் வீட்டில் மாறவே இல்லை என்பது என் கண்ணில் படவில்லை.

அதைக் கவனித்தது அக்காவின் மகள். அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. இந்த சீசனுக்கு இரண்டு வார விடுப்பில் வந்திருந்தாள். சாரல் நன்றாக விழுந்த ஒரு காலையில் மூன்று பேரும் மெயின் அருவிக்குப் போனோம். வழக்கம்போலப் பைகளை வாங்கிக்கொள்ள அக்கா கையை நீட்டினார். மகள் கொடுக்கவில்லை. மாமா பார்த்துக்கொள்ளட்டும், நீ வா என்றாள். அக்கா முதலில் முழங்கால் வலிக்கிறது என்றார். பிறகு சளி பிடிக்கும் என்றார். கடைசியாக, மாற்றுத்துணி கொண்டுவரவில்லை என்றார். மகள் தன் பையைத் திறந்து அக்காவின் பச்சைச் சுடிதாரை வெளியே எடுத்தாள். காரணங்கள் தீர்ந்துபோய் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, அருவிக்கே அணை போட்டவர்னு நீதான எழுதுன? அத நெனச்சா எனக்கு எறங்கத் தோண மாட்டேங்கு."

எனக்கு நினைவு வரச் சற்று நேரமானது. சீசன் தொடங்கினால் தினமும் ஓர் அருவிப் படம் அனுப்ப வேண்டும். ஒரு வாரம் போனால் எல்லாப் படமும் ஒன்றுபோலத் தெரியும். வேறு மாதிரி ஏதாவது அனுப்பு என்பார்கள். அப்படி ஒரு நாள், பருத்த உடம்புள்ள ஒருவர் தண்ணீருக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். புகைப்படக்காரர் எடுத்தார். அதன் அடியில் போட 'அருவிக்கே அணை போட்டவர்' என்று நான் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் டீக்கடையில் அதை வாய்விட்டுப் படித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெயர், ஊர், வயது கேட்காமல் யாரைப் பற்றியும் எழுதக் கூடாது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், அந்த மனிதரிடம் எதையும் கேட்கவில்லை. உடம்பே போதும் என்று நினைத்திருக்கிறேன்.

பத்திரிகையில் வருவதற்கு ஆயுள் ஒரு நாள்தான், மறுநாள் அது வடை மடிக்கப் போய்விடும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உள்ள தைரியம். அக்கா பன்னிரண்டு வருடமாக அதைச் சொல் மாறாமல் வைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். ரோட்டில் வைத்து வேண்டாம், பையை ஒழுங்காகப் பிடி என்று சொல்லிவிட்டார். அன்று அவர் குளிக்கவில்லை. மகளின் விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தது. அதற்குள் அம்மாவை அருவியில் இறக்காமல் ஊருக்குப் போவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

வீடு திரும்பியதும் ஒரு விதி போட்டாள். அந்த ஒரு வாரமும் வீட்டில் யாரும் யாருடைய உடம்பைப் பற்றியும் பேசக் கூடாது. பெருத்துவிட்டாய் என்பதும் கூடாது, மெலிந்து நன்றாக இருக்கிறாய் என்பதும் கூடாது. மீறுபவர்களைக் குறித்துவைக்கும் பொறுப்பை என் பழைய தொழிலை உத்தேசித்து என்னிடமே கொடுத்தாள். முதல் நாள் சாயங்காலத்துக்குள் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது. பாதிக்கு மேல் நான் சொன்னவை. தோசை வைக்கும்போது "ஒனக்கு ரெண்டு போதும்லா" என்று அக்காவிடம் சொல்வது பரிவு என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன்.

வந்து போகிறவர்களிடம் இது இன்னும் சிரமமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்ததும் முதலில் கேட்பது உடம்பைத்தான். ஒரு சுற்று பெருத்துவிட்டாயே, அல்லது இளைத்துப்போனாயே, சுகமில்லையா. இலஞ்சியிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்ணிடம் விதியை வாசலிலேயே சொல்லிவிட்டோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். வேறு எதில் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும்தான். கடைசியில் மின்விசிறியில் வரும் சத்தத்தைப் பற்றி விசாரித்தார். அரை மணி நேரம் கழித்து அவரும் அக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று எனக்குச் சொல்லவில்லை.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, "சரி, போவோம்" என்று அக்காவே சொன்னார். விடிந்ததும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அக்கா ஓரத்தில் உட்காரப் போனபோது டிரைவர், அம்மா நடுவில் உட்காருங்கள், ஓரம் என்றால் வண்டி சாயும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒருவரை அப்படிச் சொல்லலாமா என்று நான் குரலை உயர்த்திப் பேச, வண்டியில் இருந்த அத்தனை பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ சும்மா இருந்திருந்தா அவன் ஒருத்தன்தான் பாத்திருப்பான்" என்று அக்கா என் காதில் சொன்னார். பிறகு டிரைவரிடம் சாதாரணமாகக் கேட்டார்: "தம்பி, எல்லாரையும் எங்கன ஒக்காரணும்னு சொல்லுவியா, என்னைய மட்டுமா?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க தோதா ஒக்காருங்கம்மா" என்றார். அக்கா ஓரத்திலேயே உட்கார்ந்தார். வண்டி சாயாமல் குற்றாலம் போய்ச் சேர்ந்தது.

பெண்கள் குளிக்கும் பக்கம் நான் போக முடியாது. மூன்று பைகள், இரண்டு செல்போன்கள், ஆறு செருப்புகளுடன் உட்கார்ந்தேன். எத்தனையோ சீசனுக்குச் செய்தி அனுப்பியவனுக்கு, உண்மையிலேயே பார்க்க வேண்டியிருந்த ஒரு குளியலைப் பார்க்க வழியில்லை. துண்டுகளைப் பிரித்துவைத்தேன். அக்காவின் துண்டு எது என்று எனக்குத் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே நடந்ததை மகள் சொல்லித்தான் தெரியும். வழுக்கும் பாறையில் அக்கா தயங்கி நின்றிருக்கிறார். வடகரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "கையப் பிடிங்க, எனக்கும் முட்டு சரியில்ல" என்று சேர்ந்து இறங்கியிருக்கிறார். பின்னால் இரண்டு பெண்கள் எதையோ சொல்லிச் சிரித்தார்களாம். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டேன்.

"தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார் அக்கா. "கேட்டிருந்தாலும் வெளிய வந்திருக்க மாட்டேன்."

கூட்டம் சேர்ந்ததும் பெண் போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் நகரச் சொல்லியிருக்கிறார். அக்கா நகரவில்லை. மூன்றாவது விசிலுக்குப் பிறகு, "பச்சைச் சுடிதார் அக்கா, மத்தவங்களுக்கும் எடம் விடுங்க" என்று கூப்பிட்டாராம். இதை மட்டும் மகளிடம் நான் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரே ஓர் ஆளை அடையாளம் சொல்ல வேண்டிய அவசரம் அவருக்கு. சுடிதாரின் நிறமே போதுமானதாக இருந்திருக்கிறது.

பஜ்ஜிக் கடையில் நின்றோம். அக்காவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, உதடு நடுங்கியது, முகம் முழுக்கச் சிரிப்பு. செல்போனில் ஒரு படம் எடுத்தேன். குடும்ப வாட்ஸ்அப்பில் போட வேண்டும், கீழே ஒரு வரி எழுதுங்கள் என்றாள் மகள். பழக்கதோஷத்தில், 'மெயின் அருவியில் ஆனந்தக் குளியல் போட்ட சுற்றுலாப் பயணி' என்று தட்டினேன்.

அக்கா வாங்கிப் படித்தார். "பேரு, ஊரு, வயசு கேக்காம எழுத மாட்டேன்னு பீத்திக்கிடுவியே, அது எங்கலே?"

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அதில் எங்கள் விதிமீறல்கள் எழுதாத ஒரு பக்கம் மிச்சமிருந்தது. பெயர் கேட்டேன், சொன்னார். ஊர் கேட்டேன், சொன்னார். வயது கேட்டபோது கடைக்காரர் பக்கம் திரும்பி இன்னொரு பஜ்ஜி கேட்டார்.