நான் போட்டதாகச் சொன்ன மார்மலேட்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு கப்பல் ஏறி போர்ட் பிளேரில் இறங்கினேன். அரசாங்க கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் எட்டு வருஷம் பாத்திரம் விளக்கினேன். இன்றைக்கு டெலானிபூர் மேட்டில் என் பேக்கரியைக் கேட்டால் ஆட்டோக்காரன் வழி கேட்காமல் கொண்டுவந்து விடுவான். ஆறு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள், அதில் ஒருவர் பி.காம். மாடியில் இரண்டு பெரிய கறுப்பு டேங்க் வைத்திருக்கிறேன். தெருவுக்கே குழாய் வராத நாளிலும் என் வீட்டில் தண்ணீர் கொட்டும்.

இவ்வளவும் ஒரு சாண்ட்விச்சால் வந்தது. தெற்கே ஹட் பே தீவுத் துறைக்குப் போகிற கப்பலைப் பிடிக்கிறவர்கள் காலையில் என் கடையில் நின்றுவிட்டுத்தான் ஜெட்டிக்கு இறங்குவார்கள். கடல் கொஞ்சம் ஆடினாலும் அந்தக் கப்பலில் பாதிப்பேர் ஓரத்துக்கு ஓடுவார்கள். வெறும் வயிற்றோடு ஏறினாலும் வாந்தி, இட்லி தின்றுவிட்டு ஏறினாலும் வாந்தி. எங்கள் ஆரஞ்சு மார்மலேட் தடவிய சாண்ட்விச் தின்றால் வயிறு அடங்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்ன, உண்மையே அதுதான். நானே பலமுறை தின்றுவிட்டுப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட எழுந்து ஓடியதில்லை.

மார்மலேட் என்றால் ஆரஞ்சைத் தோலோடு காய்ச்சுகிற ஜாம். அதைப் போட்டது யார் என்பதுதான் இங்கே விஷயம்.

என் சம்சாரம் கச்சால் தீவுக்காரி. அவள் தகப்பனார் சிலோனில் தேயிலைத் தோட்டத்து துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். அங்கிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, குடும்பத்தோடு கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். எங்களுக்குக் கல்யாணமான முதல் வருஷம் நான் ஒரு டீக்கடை வைத்திருந்தேன். டீயும் ரொட்டியும் மட்டும்தான். வடக்கே ரங்கத் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மூட்டை ஆரஞ்சு மலிவாக வந்ததே என்று வாங்கிப் போட்டுவிட்டேன். நம் தீவு ஆரஞ்சு பழுத்தாலும் பச்சையாகத்தான் இருக்கும். புளிப்பு, உள்ளே கைநிறைய விதை. ஒருத்தரும் தொடவில்லை. நான் ரங்கத்துக்காரனையும் பஸ்காரனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் மூட்டையைப் பிரித்து ஒரு பழத்தைக் கீறி மோந்து பார்த்தாள்.

"நல்ல தோடம்பழம்ங்க. தோல் கனமா இருக்கு. சீனி மட்டும் வாங்கித் தாங்க."

ஆரஞ்சைத் தோடம்பழம் என்பது அவர்கள் பேச்சு. மறுநாள் மத்தியானம் ஒரு சட்டி நிறையத் தேன் நிறத்தில் காய்ச்சி இறக்கியிருந்தாள். ரொட்டியில் தடவிக் கொடுத்தாள். முதலில் இனிப்பு, அடுத்தது புளிப்பு, விழுங்கின பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு. அந்தக் கசப்புக்காகவே இன்னொரு வாய் கேட்கும். ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அதை இரண்டு ரொட்டிக்கு நடுவில் வைத்து, வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் போட்டு மேலே இரும்புப் படிக்கல்லை வைத்து அழுத்தி, ஓரம் மொறுமொறுவென்று எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தது நான். அது என் மூளை. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

மற்றதெல்லாம் அவள். முப்பது வருஷத்துக்கு மேல் பின்கட்டில் அவள் காய்ச்சினாள், முன்கட்டில் நான் விற்றேன். அவள் வேலையை நான் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டது ஒன்றுதான். தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையையும் விதையையும் சேர்த்துப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, நறுக்கின தோலோடு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுவாள். காலையில் அதே தண்ணீரில் மூட்டையோடு அடுப்பில் ஏற்றுவாள்.

"விதையைக் கூட விடமாட்டியா புள்ள? கழுவின தண்ணியையும் கொட்ட மனசு வராதா? கச்சால்ல அவ்வளவு பஞ்சமா?" என்று கடையில் ஆள் இருக்கும்போது சத்தமாகக் கேட்பேன். ஆட்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். எங்கள் தெருவில் அப்போது குழாயில் தண்ணீர் நாள்விட்டு நாள்தான் வரும். அவள் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கடையை இடித்துப் பெரிதாகக் கட்டினேன். திறப்பு விழாவுக்கு ரோட்டை அடைத்துப் பந்தல் போட்டேன். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டினார். பந்தல் நிறைய ஆட்கள். தெலுங்குக்காரர், வங்காளி, மலையாளி, நம்மவர் எல்லோரும். என் சம்சாரம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தட்டில் சாண்ட்விச் ஏந்தி வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். அதிகாரி ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிரமாதம்! இந்த மார்மலேட் யார் போட்டது?"

கையில் மைக் இருந்தது. "நான்தான் சார். கெஸ்ட் ஹவுஸ்ல வேலை பார்க்கையில நானே போட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சது. மூணாங்கிளாஸ் படிச்சவன் மூளை சார் இது!"

கைதட்டல். யாரோ பின்னாலிருந்து, "அப்போ பாபி க்யா கர்த்தி ஹை?" என்று கேட்டார். அண்ணி என்ன செய்கிறார் என்று.

"அவளுக்கென்ன, சட்டி கழுவுவா" என்றேன். பந்தலே சிரித்தது.

அவள் அப்போது மூன்றாவது வரிசையில் இருந்தாள். தட்டு கொஞ்சம்கூட ஆடவில்லை. கடைசி வரிசைவரை கொடுத்து முடித்துவிட்டு உள்ளே போனாள். அன்று ராத்திரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அடுத்த வாரம் முழுக்க மார்மலேட் காய்ச்சி அலமாரி நிறைய பாட்டில்களை அடுக்கினாள். பிறகு மகளுக்குப் பிரசவம் என்று சென்னைக்குக் கப்பல் ஏறினாள். ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்றாள்.

வரவில்லை. குழந்தைக்குச் சளி என்றாள், மழை என்றாள், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். அலமாரியில் மூன்று பாட்டில் மிஞ்சியிருந்தபோது போன் போட்டேன்.

"ஏ புள்ள, மார்மலேட் தீரப்போகுது. எப்ப வார?"

"கண்டுபிடிச்சவருக்குப் போட ஏலாதா?" என்றாள். கோபமே இல்லாத குரல்.  அவள் திரும்பி வரப்போவதில்லை என்பது அந்தக் குரலில் இருந்தது.

சரி, போட்டுக் காட்டுகிறேன் என்று வீம்பு வந்துவிட்டது. நல்லதாக ஒரு பாட்டில் போட்டு, கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தால் இறங்கி வருவாள் என்று கணக்குப் போட்டேன். ரங்கத்திலிருந்து ஆரஞ்சு வரவழைத்தேன். என்னிடம் இல்லாத வசதியா? தோலைச் சீவி, கசக்கிற வெள்ளையைச் சுரண்டி எறிந்தேன். விதையை எறிந்தேன். ஊறவைத்த தண்ணீரை ஓடையில் ஊற்றிவிட்டு டேங்கிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்தேன். சீனியை முதலிலேயே கொட்டினேன். எவ்வளவு காய்ச்சியும் இறுகவில்லை, பாகாகவே கிடந்தது. இன்னும் காய்ச்சினேன். ஆரஞ்சுத் தோல் செருப்பு வார் மாதிரி ஆகிவிட்டது. மூன்று தடவை போட்டேன். மூன்றாவதைத்தான் சாண்ட்விச்சில் வைத்து விற்றேன்.

ஹட் பேயில் வேலை பார்க்கும் கிளார்க் ஒருவர், பல வருஷ வாடிக்கை, அடுத்த கப்பலில் வந்து இறங்கியதும் நேரே கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, யே க்யா சீஸ் ஹை? இது என்ன சாமான்? வெறும் சீனிப் பாகு. பாதி வழியில மொத்தமும் வெளிய வந்திடுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த டீச்சரம்மா சேலைல வேற."

"கடல் அப்படி" என்றேன்.

"கடல் எப்பவும் அப்படித்தானே இருக்கு? அண்ணி எங்க?"

அந்தப் பாகில் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கப்பல் ஏறினேன். விமானத்தில் போக வசதி இருக்கிறது. ஆனால் கப்பலில் மூன்று நாள் கிடைக்கும், என்ன பேசுவது என்று யோசிக்கலாம் என்று நினைத்தேன். மூன்று நாளும் ஒன்றும் தோன்றவில்லை.

மகள் வீடு மூன்றாவது மாடி. சம்சாரம் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். நன்றாக இருந்தாள், அதுதான் முதலில் உறைத்தது. பாட்டிலை மேஜையில் வைத்தேன். அவள் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். எண்ணெய் மாதிரி ஓடியது. ரொட்டித் துண்டு இரண்டு எடுத்து, தடவி, மூடி, நின்றபடியே தின்றாள். ஓரத்தில் பாகு ஒழுகி முழங்கைவரை வந்தது. முழுசாகத் தின்று முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"வெள்ளையை எறிஞ்சிட்டீங்களா?"

"ஆமா. கசக்குமே."

"விதை?"

"அதையுந்தான்."

"ஊற வச்ச தண்ணி?"

"கொட்டிட்டேன். நம்மகிட்டதான் டேங்க் இருக்கே."

மகள் சிரித்துவிட்டாள். அவள் சிரிக்கவில்லை.

"இறுக வைக்கிறதே அந்த வெள்ளையும் விதையுந்தாங்க. அதோட சத்தெல்லாம் அந்தத் தண்ணியிலதான் எறங்கியிருக்கும். நான் பஞ்சத்துக்கு வச்சிருக்கேன்னு நெனச்சீங்களா?"

முப்பது வருஷமாக அப்படித்தான் நினைத்தேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஆட்களைச் சிரிக்க வைத்தேன்.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூட்டையை எப்போது பிழிவது, தோல் விரலில் மசிகிறவரை சீனி போடக்கூடாது, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே ஆடை மாதிரி சுருங்க வேண்டும். மகளை ஒரு தாளில் எழுதச் சொன்னாள். எனக்கு உள்ளே குளிர்ந்தது. இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாளே, இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்ப நாளைக்கு உனக்கும் சேத்து டிக்கெட் போட்றவா?"

"எதுக்கு? அதான் சொல்லித் தந்திட்டேனே" என்றாள். "இனி நான் இல்லாம ஒங்களுக்கு ஒண்ணும் நிக்காது."

மகள் தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். அப்போதுதான் புரிந்தது. அவள் கற்றுக்கொடுக்கவில்லை, வேலையை ஒப்படைத்துவிட்டாள்.

கிளம்பும்போது கேட்டேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. "நான் என்ன செஞ்சா வருவ?"

பேத்தியின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னுக்குச் சொன்னீங்க. அதே மாதிரி ஒருக்கா மாத்திச் சொல்லுங்க. வாரேனா இல்லையான்னு அப்புறம் பாப்போம்."

ஊருக்கு வந்து அவள் சொன்னபடி காய்ச்சினேன். முதல் தடவையே தட்டில் சொட்டு சுருங்கியது. சாண்ட்விச் போட்டுத் தின்றேன். அவள் கையேதான். கசப்புகூட அப்படியே அடிநாக்கில் நின்றது. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை.

சொல்ல வேண்டியதை எங்கே சொல்வது? அதிகாரி மாற்றலாகி மெயின்லேண்டுக்கே போய்விட்டார். இன்னொரு தடவை கடையைத் திறக்க முடியாது. ஒருநாள் காலை கப்பல் நேரம், கல்லாவுக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த மார்மலேட் நான் கண்டுபிடிச்சதில்ல. என் சம்சாரம் போட்டது. முப்பது வருஷமா அவதான் போட்டா. அன்னைக்கு மைக்ல நான் சொன்னது பொய்."

 வரிசையில் நின்ற அந்த ஹட் பே கிளார்க் என் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா, இதுதான் பெரிய மனுஷன். தான் செஞ்சதையும் பொண்டாட்டி பேர்ல எழுதி வைக்கிறாரு!"

"அட, நெசமாத்தான்யா சொல்றேன்!"

"நெசந்தான் அண்ணாச்சி, நெசந்தான். எனக்கு ரெண்டு கட்டுங்க, கப்பல் பிடிக்கணும்."

எவ்வளவு கத்தினேனோ அவ்வளவு சிரித்தார்கள். இத்தனை வருஷம் நான் அவிழ்த்துவிட்ட பெருமையெல்லாம் நம்பினவர்கள், ஒரு உண்மையை நம்பவில்லை. அன்று சாயங்காலம் போன் போட்டுச் சொன்னேன்.

"எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"அஞ்சாறு பேர்."

"என்ன சொன்னாங்க?"

பொய் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். "நம்பலை."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டது. அவள் அதற்குப் பதில் சொன்னாள். பிறகு, "சரி, வைக்கட்டுமா" என்றாள்.

ஆகவேதான், ஒரு எழுத்துக்கு இரண்டு தடவை அடித்து அடித்து, இதை எழுதுகிறேன். தப்புத் தப்பாக இருக்கும். பி.காம் படித்தவர் எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்றார். மற்றதில் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அச்சில் வந்தால் ஒரு பிரதியை மகள் வீட்டுக்கு அனுப்புவேன். இதை எத்தனை பேர் படித்தார்கள் என்று அவள் கேட்பாள். படித்தவர்கள் நம்பினார்களா என்றும் கேட்பாள்.