கடுக்கன் போட்ட செரோக்கித் தலைவர்

புலம்பெயர்ந்த நாட்டில், பிளாக்டவுன் பக்கம் வீடு வாங்கிய பிறகு, கூடத்தின் பெரிய சுவர் வெறுமையாகக் கிடப்பதை என் கணவரால் பொறுக்க முடியவில்லை. அவர் மதுரைக்காரர். நம்ம ஊர்க் களையோடு ஒருவர் அந்தச் சுவரில் கம்பீரமாக இருக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. இணையத்தில் தேடி, கையால் வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்றுக்கு என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார். கேட்டிருந்தால் ஒரு கண்ணாடி மாட்டுவோம் என்றிருப்பேன்.

படம் வந்தது. சிவப்புத் தலைப்பாகை, காதில் வளையம், கழுத்தில் பதக்கம், மாநிறம், யாரையும் லேசில் நம்பாத கண்கள்.

"பாத்தியா, பாளையக்காரர் மாதிரி இல்ல?" என்றார் கணவர்.

நான் படத்தைத் திருப்பினேன். பின்னால் ஒட்டியிருந்த தாள் வேறு கதை சொன்னது. இவர் அமெரிக்காவின் செரோக்கி மக்களுடைய தலைவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் அவரை உட்காரவைத்து வரைந்த படத்தைப் பார்த்து, இப்போது யாரோ திரும்ப வரைந்திருக்கிறார்கள்.

"செரோக்கின்னா கார்தானே?"

"காருக்கு அந்தச் சனத்தின்ர பேரை வைச்சிருக்கிறாங்கள்."

"இண்டியன் சீஃப்னுதான் போட்டிருந்தான். நான் நம்ம இந்தியன்னு நெனச்சுட்டேன்."

வெள்ளைக்காரன் கப்பலேறிக் கடல் கடந்து போய், அங்கிருந்த சனத்தை இந்தியர் என்று எண்ணிச் செய்த பிழையை, இவர் கதிரையில் உட்கார்ந்தபடியே செய்து முடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திருப்பி அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, எங்களோடு இருக்கும் என் அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். படத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"எங்கட அப்பு," என்றார்.

அப்பு என்பது அம்மாவின் அப்பா. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். கலியாண வீடுகளுக்குச் சால்வையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு போவாராம். காதில் கடுக்கன் போட்டிருப்பாராம். அவருடைய ஒரே புகைப்படம், போரில் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த வீட்டோடு போய்விட்டது. அம்மாவின் நினைவைத் தவிர அந்த முகம் இனி எங்கேயும் இல்லை.

"அப்பு மாதிரி இருக்கிறார் எண்டு சொல்லுறியளோ, அம்மா?"

"ஓம், ஓம். மாதிரி," என்றார். ஆனால் படத்தைத் திருப்பி அனுப்ப விடவில்லை.

சில வாரங்கள் கழித்து ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து என் தோழி ஒருத்தி வந்தாள். உள்ளே வந்ததும் வராததுமாகச் சுவரைப் பார்த்தாள்.

"ஆர் அன்ரி, உங்கட அப்பாவோ?"

"ஓம் பிள்ளை."

அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "முகவெட்டு அப்பிடியே உங்களுக்கு இருக்கு," என்றாள் தோழி. நான் படத்தைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். எங்கே போய்ச் சொல்வது, மூக்கு அதே மூக்கு. எனக்கு என் கண்ணிலேயே நம்பிக்கை போய்விட்டது.

அப்புவின் திவசம் நெருங்கியது. படத்துக்கு ஒரு மாலை வாங்கி வரும்படி அம்மா சொன்னார்.

"அத்தை, அது வேற யாரோட தாத்தாவோ," என்றார் கணவர். "நாம மாலை போட்டா அவங்க ஆளுங்க என்ன நினைப்பாங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். அம்மாவின் ஆசையும் நியாயமாகத்தான் பட்டது. தெளிவு வேண்டி அந்த மக்களைப் பற்றிப் படித்தேன். அவர்களையும் சொந்த நிலத்தைவிட்டு விரட்டியிருக்கிறார்கள். நடந்து போன வழியில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். படித்த பிறகு குழப்பம் இன்னும் கூடியது. நிலத்தைப் பறிகொடுத்த சனத்தின் முகத்தையும் நாங்கள் எடுத்துக்கொள்வதா? அல்லது எங்கள் வீட்டு மாலையில் அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? ஒரு நேரம் அப்படியும் ஒரு நேரம் இப்படியும் தோன்றியது. இரண்டு பக்கமும் எரிச்சலாக வந்தது.

கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவர் அப்பு இல்லை. உங்களுக்குத் தெரியுந்தானே?"

"எனக்கென்ன விசரோ? முதல் நாளே தெரியும்."

"பிறகேன் என்ர சிநேகிதிக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"எத்தினை வருசமாச்சு, அப்புவைப் பற்றி ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. அவள் கேட்டாள். இல்லையெண்டு சொல்ல மனம் வரேல்லை."

அந்த 'ஒருத்தரும்' என்பதில் நானும் அடக்கம் என்பது சுருக்கென்று தைத்தது. அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"இப்ப ஒரு கரைச்சல், பிள்ளை. கண்ணை மூடினால் அப்பு வாறாரில்லை. இவர்தான் வாறார்."

"படத்தைக் கழட்டட்டோ, அம்மா?"

"கழட்டினால் அப்பு வருவாரோ?"

அம்மா மீண்டும் முருங்கைக்காயை எடுத்துக்கொண்டார்.

திவசத்தன்று மாலையைப் பற்றி அவர் பேசவில்லை. படத்தைக் கழற்றவும் சொல்லவில்லை. வாழையிலையில் சோறும் கறிகளும் வடையும் படைத்தோம். கணவர் கற்பூரம் கொளுத்தினார். எல்லோரும் கும்பிட்டோம். நான் இடையில் கண்ணைத் திறந்து பார்த்தேன். கைகூப்பியபடி நின்ற அம்மா, கண்ணை மூடவே இல்லை.