புகை வராத காலை

சபையார் எல்லோருக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும். என் பெயர் ஞானசேகர். பூனாகலைத் தோட்டத்தில் இருக்கிறேன். இதைச் சொல்லத் துணிவு வர இவ்வளவு நாளாகிவிட்டது. ஏனென்றால், இதில் என் பொய்யும் இருக்கிறது.

சென்ற ஆண்டு, பல வருடம் பார்த்த டிரைவர் வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய லொறி வாங்கினேன். வாங்கிய அன்று என் மனைவி ரூபி அதன்மேல் கை வைத்து, "ஆண்டவரே, இது நீங்க குடுத்ததா இருக்கணும்" என்று ஜெபித்தாள்.

மூன்றாவது வாரம், வெலிமடையில் கரட் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது ஏற்றத்தில் லொறி இழுக்கவில்லை. வெள்ளைப் புகை. தண்ணீர் கொதித்து வழிந்தது. கராஜில் எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் தலையை அசைத்தார்.

"எஞ்சின் பிளாக்கே கீறி வெடிச்சிருக்கு தம்பி. வித்தவங்க எதையோ ஊத்தி அடைச்சு வச்சிருக்காங்க. வேற எஞ்சின்தான் போடணும்."

அதற்கு எனக்கு வழியில்லை. பல நாள் ஜெபிக்கவே முடியவில்லை. கர்த்தர்மேல்கூடக் கோபம்.

கடைசியில், எனக்குச் செய்ததையே நானும் செய்தேன். பிரித்த எஞ்சினைத் திரும்பப் பூட்டி, வெடிப்பை அடைக்கும் மருந்தை ரேடியேட்டரில் ஊற்றி, சத்தம் தெரியாமலிருக்கக் கெட்டி ஒயிலும் போட்டு, விற்கப் போவதாகச் சொன்னேன். தெமோதரையிலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இன்னைக்கு மட்டும் புகை வந்துடக் கூடாது" என்று கேட்டேன். வாய் கூசாமல் கேட்டேன்.

புகை வரவில்லை.

வந்தவர் அந்தோணி அண்ணன். தோட்ட வேலையை விட்டு மரக்கறி வியாபாரம் தொடங்க நினைத்தவர். லொறியைப் பற்றி அதிகம் தெரியாது. "சத்தம் நல்லாத்தானே இருக்கு" என்றார். அவருடைய மனைவி லொறிமேல் கை வைத்துக் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ரூபியும் இப்படித்தான் கை வைத்து ஜெபித்தாள்.

"அக்கா, வேணாம்" என்றேன். "எஞ்சின் வெடிச்சிருக்கு. நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்."

அந்தோணி அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார். இருவரும் பஸ் ஏறப் போய்விட்டார்கள்.

ரூபி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "இனிமே நம்ம ஜெபம் பண்ணலாம்" என்றாள். அன்று நாங்கள் லொறிக்காகக் கேட்கவில்லை. என் மனதைச் சுத்தமாக்கும்படி கேட்டோம். மறுநாள் பழைய முதலாளியிடமே டிரைவர் வேலைக்குப் போனேன்.

இரண்டாவது ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அந்தோணி அண்ணன் நிற்கிறார்.

"பதுளையில ஒரு லொறி விபத்துல நசுங்கிக் கெடக்கு. எஞ்சின் மட்டும் நல்லா இருக்கு. உங்க லொறிக்குப் பொருந்துமாம், விசாரிச்சிட்டேன். நான் வாங்கிப் போடுறேன். நீங்க ஓட்டுங்க, நான் மரக்கறியைப் பாக்குறேன். கூட்டா செய்வோம்."

"என்னைய எப்படிண்ணே நம்புறீங்க?"

"எத்தனையோ லொறி பாத்தோம். கொறையைச் சொன்னது நீங்க ஒரு ஆள்தான்."

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மாதங்கள் பல ஆகிவிட்டன. லொறி ஓடுகிறது. இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிகிறது. யாரை ஏமாற்ற நினைத்தேனோ, அந்த வீட்டிலிருந்தே எனக்கு உதவியை அனுப்பினார் கர்த்தர். கஷ்டத்தில் இருக்கும் என் சகோதர சகோதரிகளே, நீங்களும் அவரிடம் போங்கள். போகும்போது மறைத்து வைத்திருப்பதையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் தள்ளமாட்டார். என்னையே தள்ளவில்லை.